நடுவரின் வினா

ஆசிரியர் ஆய்வு செய்தால் மாணவரின் பிழைகளே ஏட்டில் ஏறும் என எண்ணுவது இயல்பு.

தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், சொல்வதெழுதுதலில் மாணவர் லகர, ளகர, ழகரங்களை மயங்கி எழுதியதை ஓராண்டு முழுவதும் குறித்து வந்தார். கவனக்குறைவே காரணம் என முடிவு கூறிக் கட்டுரை வரைந்தார். சுருக்கமும் துணைநூற்பட்டியலும் சேர்த்து, தம் பெயரைத் தனித்தாளில் எழுதி, கல்வியியல் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார். எழுதியவர் யாரென அறியாத இரு நடுவர்கள் அதனைப் படித்தனர். சில திங்கள் கழித்துக் கட்டுரை திரும்பியது. ஓரத்தில் ஒரு வினா: “சொற்களை வாசித்தவர் யார்?”

ஆசிரியர் சினந்தார். சினம் தணிந்தபின் குறிப்பேட்டைப் புரட்டினார். பார்த்தெழுதிய பக்கங்களில் அப்பிழைகள் அரிது, கேட்டெழுதியவற்றிலோ மலிந்திருந்தன. பிழை செவிவழிப் புகுந்திருந்தது. நுனிநா மேல்நோக்கி அண்ணத்தைத் தடவ ழகரம் பிறக்கும் எனத் தொல்காப்பியப் பிறப்பியலில் கற்றவர்தாம். ஆயினும் ‘மழை’யை ‘மளை’யென வாசித்து வந்தவரும் அவரே!

முடிவை மாற்றினார். தம் உச்சரிப்பையும் ஒரு காரணமாக ஒளியாது எழுதினார். ஒரு வகுப்பில் கண்டதை எல்லாப் பள்ளிகளுக்கும் ஏற்றிக் கூறிய வரிகளை நீக்கினார். கட்டுரையை மீண்டும் அஞ்சலில் சேர்த்தார்.

அது அச்சேறும் முன்னரே, மறுநாள் வகுப்பில் ழகரம் திருத்தமாக ஒலித்தது. ஆய்வின் முதற்பயன் அதுவன்றோ!