கடற்காற்றும் பழைய மோட்டாரும்

மட்டக்களப்போடு இரயில் பாதை முடிந்துவிடுகின்றது. அதற்குத் தெற்கே பிரயாணம் செய்வோருக்குக் கடலை அணைந்து செல்லும் வீதியே துணை. அவ்வீதியிலே மருதமுனையின் கைத்தறிகளைக் கடந்தால் கல்முனை. அப்பால் சாய்ந்தமருது, மாளிகைக்காடு, சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவு, நிந்தவூர் என்று ஊரும் ஊரும் தோள் உரசி நிற்கின்றன. ஒரு புறம் கடல். மறு புறம் கல்லோயா நீர் பாயும் வயல்கள். இரண்டுக்கும் இடையே, முஸ்லிம் மக்களும் தமிழ் மக்களும் நெருங்கி வாழும் ஒடுங்கிய நிலம் இது.

இவ்வழியே கூர்ந்து நோக்கிச் செல்பவர், யப்பானிய வண்டிகளின் நெரிசலிடையே எப்போதாவது ஒரு மொரிஸ் மைனரைக் காண்பர். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானிய மோட்டார் என்ற பெருமையைப் பெற்றது அது. அதன் உற்பத்தி 1971இல் நின்றது. ஆயினும் இலங்கையில் அதன் ஆயுள் முடியவில்லை. 1960களில் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை உதிரிப்பாகம் கிடைப்பதே அரிதாயிற்று. எனவே இருந்த வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டும் கலை நாடெங்கும் வளர்ந்தது. 1990களிலோ இலங்கையிற் செய்த மொரிஸ் மைனர் பாகங்கள் இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன!

கிழக்குக் கரையில் இக்கலைக்குத் தனிச் சோதனை ஒன்றுண்டு. அது காற்று. வாடைக் காலத்தில் மழையும் ஈரமும் மின்னிணைப்புகளைத் தாக்கும். கச்சான் வீசும் மாதங்களிலோ வெப்பம் பெற்றோலையே குழாயில் ஆவியாக்கிவிடும். ஆண்டு முழுவதும் உப்புக் காற்று உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கும். ஊரின் காற்றை அறிந்தவனே இங்கு வண்டியின் நோயையும் அறிவான்.

மார்கழி மழை ஓய்ந்த ஒரு காலையில், சுபஹுத் தொழுகை முடிந்து வெகு நேரம் ஆகாத வேளை, சாய்ந்தமருதில் ஒரு வீட்டு முற்றத்திலே இந்த உண்மையைக் கண்ணாரக் கண்டேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய தகப்பனார் விட்டுச் சென்ற மொரிஸ் மைனர் மூன்று நாட்களாக உயிர் பெறவில்லை.

"புதுப் பற்றரியும் போட்டாச்சு, காக்கா. வித்துடுவம் எண்டு மகன் சொல்றான்," என்றார் அவர்.

வந்திருந்த முதிய மெக்கானிக் உடனே ஆயுதப் பெட்டியைத் திறக்கவில்லை. "அவசரப்படாதீங்க, தம்பி. முதல்ல காதக் குடுங்க, கையப் பொறகு குடுங்க," என்றார்.

முன் விளக்குகளை எரியவிட்டு, ஸ்டார்ட்டர் குமிழை இழுக்கச் சொன்னார். விளக்குகள் அணையும் தணல்போல் மங்கின. பற்றரியோ புதியது, ஆகவே மின்சாரம் வழியில் எங்கோ நெரிபடுகின்றது என்பது தெளிவாயிற்று. இணைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். பற்றரியை வண்டியின் உடலோடு பிணைக்கும் பட்டையின் முனை மட்டும் சுட்டது. கழற்றிப் பார்த்தால், உப்புக் காற்றின் வேலை: பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த களிம்பு. உலோகம் பளிச்சிடும்வரை அதனைச் சுரண்டி, இறுக்கி, மேலே சிறிது கிறீஸ் தடவினார்.

இப்போது யந்திரம் நன்றாகச் சுழன்றது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. கிழவர் கலங்கவில்லை. சாவியைத் திருப்பிவிட்டுச் செவிசாய்த்தார். மின்சாரப் பெற்றோல் பம்ப் சில முறை "டிக், டிக்" என்று அடித்து ஓய்ந்தது. காபரேற்றர் நிறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். ஓயாமல் அடித்தால் பெற்றோல் வரவில்லை, அல்லது எங்கோ ஒழுகுகின்றது. ஓசையே இல்லையென்றால் பம்பின் உள்முனைகள் ஒட்டியிருக்கலாம். மெல்லத் தட்டினால் சில வேளை விழித்துக்கொள்ளும்.

பெற்றோல் உண்டு; எனவே எஞ்சியது தீப்பொறி. பிளக்குக்குச் செல்லும் கம்பியை உலர்ந்த துணியாற் பிடித்து உலோகத்தருகே காட்டினார், பொறி எழவில்லை. டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே வாடையின் ஈரம் முத்து முத்தாய் நின்றது. துடைத்தார். பொயின்ட் முனைகளை நுண்ணிய மணற்கடதாசியால் தேய்த்து, இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காக வைத்தார். குமிழை இழுத்தார்கள். வண்டி இருமிற்று, குலுங்கிற்று, பின்பு சீராகப் பாடத் தொடங்கிற்று!

நாற்பது நிமிட வேலை. புதிதாக வாங்கிய பொருள் ஒன்றுமில்லை. முன்னரே வாங்கிய பற்றரியும் தேவையற்றதாய் இருந்திருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றையே சோதித்து, அது குற்றமற்றதென்று தெளிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்வதுதான் இதன் சூக்குமம். கச்சான் வெயிலில் ஓடி நின்ற வண்டி மீண்டும் கிளம்பாவிடின், பம்பின் மேலும் குழாயின் மேலும் நனைத்த துணியைப் போட்டுச் சற்றுப் பொறுத்தாற் போதும். இன்னுமோர் எச்சரிக்கை: இவ்வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும், இன்றைய வண்டிகளில் எதிர்முனை. புதிய வண்டியிலிருந்து கம்பி கொடுப்போர் நேருக்கு நேர், எதிருக்கு எதிர் என்றே இணைத்தல் வேண்டும். இரு வண்டிகளின் உடல்களும் ஒன்றையொன்று தொடவும் கூடாது.

கூலியைப் பெற்றுக்கொண்ட கிழவரிடம், இத்தொழிலை யாருக்குக் கற்பித்தீர்கள் என்று கேட்டேன். மகன்மார் இருவரும் வளைகுடா நாட்டிலாம். கராஜுக்கு வரும் பையன்கள் கணினியை மாட்டிப் பார்க்கும் வண்டிகளையே விரும்புகிறார்களாம். அதிலே தவறில்லை; காலத்துக்கேற்ற தொழில் அது. ஆயினும் 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 வரை நீடித்ததை நாம் மறத்தலாகாது. அந்த ஆண்டுகளில், உள்ளதைப் பேணத் தெரிந்த கைகளின் அருமை எல்லோருக்கும் விளங்கிற்று.

கல்முனைக் கரையில் இத்தகைய முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களருகே ஒரு மழைக்காலமேனும் நின்று பழகும் இளைஞன் மொரிஸ் மைனரை மட்டுமா கற்றுக்கொள்வான்? மாற்றுவதற்கு முன் ஆராய வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்வான். கணினி பூட்டிய வண்டியின் பற்றரி முனையிலும் இதே கடற்காற்றுத்தான் களிம்பைப் பூக்கச் செய்கின்றது.