அரை டிக்கெட்டில் தனுஷ்கோடி

‘எங்கள் ஊர்’ என்ற தலைப்பில் படம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் வரைந்தது இது: இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை. நாங்கள் இருப்பதோ ராமநாதபுரத்தில்! இங்கே ஏது மலை? வைகைத் தண்ணீர் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்ந்தாலே செய்தியாகிற ஊர் இது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பைக்கில் முன்னால் உட்காரவைத்தும், காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டும்தான் ஊரைக் காட்டியிருக்கிறோம். அதனால் அந்த சனிக்கிழமையே நடந்து கிளம்பினோம், அரண்மனைக்கு. ராமலிங்க விலாசத்துச் சுவர் ஓவியங்களைக் காட்டி சேதுபதி மன்னர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். யார் கேட்டார்கள்? போர்க்களக் காட்சியில் குதிரைகளை எண்ணும் போட்டி வைத்துக்கொண்டார்கள். நான்கு வயதுச் சின்னவனுக்கு ஒரே குதிரை மூன்று முறை கணக்கில் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு எந்தச் சுவரில் எந்தக் குதிரை என்று இரண்டு பேரும் சொன்னார்கள். எனக்குத்தான் ஞாபகம் இல்லை.

அடுத்தது பஸ். வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, காலண்டர் தாளைக் கிழித்து டிக்கெட் கொடுத்து விளையாடுகிறவர்களுக்கு நிஜ பஸ்ஸைக் காட்டுவோம் என்று ராமேஸ்வரம் போக முடிவு செய்தோம். “தனுஷ்கோடிக்கும் போவோம்” என்றாள் மகள். நான் என் மாமியாரைப் பார்த்தேன். அத்தை பிறந்த ஊர் அது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் வந்தபோது அவருக்கு நான்கு வயது. மண்டபத்தில் ஒரு உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்ததால் குடும்பம் தப்பித்தது. ராமேஸ்வரம் கோயிலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறார். அதைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. அன்று என்ன தோன்றியதோ, “நானும் வர்றேன்” என்றார்.

அரசு பஸ்ஸில் ஐந்து வயது வரை டிக்கெட் கிடையாது. அதற்கு மேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். தனக்கென்று ஒரு டிக்கெட் வாங்கிய பெருமையில் மகள் அதை இறங்கும்வரை கையிலேயே வைத்திருந்தாள். தம்பி அழுததைப் பார்த்து, யாரோ போட்டுவிட்டுப் போன பழைய டிக்கெட்டை ஒரு பெரியவர் எடுத்துக் கொடுத்தார். உச்சிப்புளியில் கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனதும் பஸ்ஸே ஜன்னல் பக்கம் சாய்ந்தது.

பாம்பன் பாலத்தை பஸ்ஸில்தான் கடக்க வேண்டும் என்பேன். காரில் போகும் குழந்தைக்கு கைப்பிடிச் சுவர்தான் தெரியும். பஸ் சீட்டின் உயரத்திலிருந்து பார்த்தால் கடல், படகு, ரயில் பாலம் எல்லாம் தெரிகிறது. ‘கப்பல் வந்தா ரயில் பாலம் என்ன பண்ணும்?’ என்று சின்னவன் கேட்டான். அப்பத்தா இரண்டு கைகளையும் விரித்து மேலே தூக்கிக் காட்டினார். 1914ல் திறந்த பழைய பாலம் அப்படித்தான் நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் எழும்பும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு, லிஃப்ட் மாதிரி அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது. அதை மகள் உள்ளங்கையைத் தட்டையாகத் தூக்கிக் காட்டினாள். தங்கச்சிமடம் வரை அப்பத்தா பழைய பாலம், பேத்தி புதிய பாலம், பேரன் கப்பல்.

ராமேஸ்வரத்தில் பஸ் மாறினோம். தனுஷ்கோடி ரோட்டில் இடப்பக்கமும் கடல், வலப்பக்கமும் கடல். அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும், அலையடிக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு “என் கடல்தான் பெருசு” என்று சண்டை. அத்தை எந்தக் கடலையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய ஊரில் இறங்கினோம். கூரையில்லாத தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்கள். சுவரைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு வேறென்ன தோன்றும்? சட்டையைப் பிடித்துக்கொண்டு ‘குச்சு... குச்சு...’ என்று ரயில் ஓட்ட ஆரம்பித்தார்கள். சிப்பிதான் டிக்கெட். எனக்குப் பதறிவிட்டது. அந்தப் புயல் இரவில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை அலை அடித்துப் போனது இங்கேதான்; அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதட்டப் போனேன். அத்தை என் கையைப் பிடித்தார்.

“விடும்மா. நாங்களும் இங்கனதான் விளையாண்டோம். எங்கய்யா துறைமுகத்துல மூட்டை தூக்குனாரு. தலைமன்னார் கப்பலுக்கு ஆள் வர்ற நேரம் நாங்க பிளாட்பாரத்துல இந்த ஆட்டம்தான் ஆடுவோம். அறுபது வருசமா புயலை மட்டுமே நெனச்சிக்கிட்டுக் கெடந்திருக்கேன். அந்த ஆட்டத்தை மறந்தே போயிட்டேன் பாரு.”

பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒரு பெரிய காற்று வந்து ஊரை எடுத்துக்கொண்டு போன கதையை, அவர்களுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சொன்னார். “ரயில்ல இருந்தவங்க?” என்று மகள் கேட்டாள். “அவங்களும்தான்” என்றார். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. கையிலிருந்த சிப்பி டிக்கெட்டுகளைச் சுவர் மேல் வரிசையாக வைத்துவிட்டு வந்தாள்.

அங்கே பொரித்த மீன் கிடைக்கும், நிழல் கிடைக்காது. தொப்பியும் தண்ணீரும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். அரிச்சல்முனையில் நீரோட்டம் இழுக்கும், குழந்தைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். இரவில் தங்க முடியாது, இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிட வேண்டும்.

மறுநாள் காலையில் கூடத்தில் நாற்காலி பஸ் தயாராக நின்றது. “உச்சிப்புளி, மண்டபம், பாம்பன்லாம் ஏறு!” என்று கத்தினான் சின்னவன். அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்த அத்தை கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தனுஷ்கோடிக்கு ஒரு முழு டிக்கெட் குடுங்க கண்டக்டர்.”

“அது கடைசி ஸ்டாப் அப்பத்தா. லேட்டாகும், பரவாயில்லையா?”

“பரவாயில்லை, நீங்க ரைட் குடுங்க” என்றார்.