பனியில் இட்ட அஸ்திவாரம்

 

மலைநாட்டில் வீடு கட்ட எண்ணியிருப்போர் நான் செய்த பிழையைச் செய்துவிடலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

உதகைக்கு அருகே தலைக்குந்தாவில், கணவனை இழந்த என் தங்கைக்காகச் சிறு வீடொன்று கட்டத் தொடங்கினோம். ஜனவரி மாதம். ரமளான் பிறக்குமுன் சுவர் எழும்பிவிட வேண்டுமென்று எனக்கு அவசரம்.

"சாயங்காலத்தில் காங்கிரீட் வேண்டாம் பாய், இராத்திரி உறைபனி விழும். நாளைக்கு வெயில் ஏறியதும் போடலாம்" என்றார் மேஸ்திரி. நான் செவிசாய்க்கவில்லை. கடைசிக் குழியை அஸருக்குப் பின் நிரப்பச் செய்தேன். மூடி வைக்கவும் இல்லை.

மறுநாள் பஜ்ரு தொழுதுவிட்டுச் சென்று பார்த்தேன். புல்லைப் போலவே காங்கிரீட்டும் வெளுத்துக் கிடந்தது. சில நாள் கழித்து ஆணியால் கீறியபோது பொடியாய் உதிர்ந்தது.

சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. குளிர் மிகுந்தால் அவ்வினை தளரும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மிகவும் மந்தமாகும். இறுகுமுன் நீர் உறைந்துவிட்டாலோ, ஏறக்குறைய 9 விழுக்காடு பருத்து, கலவையின் பிணைப்பை உள்ளிருந்தே குலைத்துவிடும். பின்னர் வெயில் அடித்தாலும் இழந்த வலிமை முழுமையாகத் திரும்பாது.

'மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்?' என்றது என் மனம். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்தார். தந்தையற்ற பிள்ளைகள் உறங்கப் போகும் வீடு அது. மனிதர் கண்ணுக்கு மறைவது படைத்தவனுக்கு மறையுமா? வெட்கித்தேன். உடைத்து அப்புறப்படுத்தச் சொன்னேன்.

இம்முறை மேஸ்திரி சொற்படியே நடந்தோம். உறைந்த மண்ணை நீக்கினோம். தண்ணீரை மிதமாகச் சூடாக்கிக் கலந்து, முற்பகலிலேயே காங்கிரீட் இட்டோம். பொழுது சாயுமுன் தார்ப்பாய் விரித்து, வைக்கோல் பரப்பி, அதன்மேல் மீண்டும் தார்ப்பாய் போர்த்தினோம். பகலில் மட்டுமே நீராற்றினோம். பலகைகளை வழக்கத்தினும் கூடுதல் நாள் விட்டுவைத்தோம். விரைவில் இறுகக் கால்சியம் குளோரைடு சேர்க்கலாமென்று ஒருவர் கூறினார். அது உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யுமென்று மேஸ்திரி மறுத்துவிட்டார்.

பெருநாள் கழிந்த பின்னரே சுவர் எழும்பியது. தங்கை ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை.

அன்பர்களே, அஸ்திவாரம் மறைந்து கிடப்பது. ஆயினும் வீட்டார் அனைவரையும் சுமப்பது. அது ஓர் அமானிதம். பனிக்காலமாயின் சற்றுப் பொறுத்திருங்கள். தாமதத்தால் வரும் நட்டம் சிறிது. அவசரத்தால் வருவதோ பெரிது. அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.