மேட்டூர்ப் பக்கம் பழங்குடி, அந்தியூர்ப் பக்கம்?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். இந்தப் பதிவுல வர்ற 'மலையாளி' கேரளாக்காரர் இல்லை! தமிழ் பேசுற மலைவாழ் மக்கள். கொல்லிமலை, ஏற்காடு, கல்வராயன் மலைன்னு பரவி இருக்காங்க. 2011 கணக்கெடுப்புப்படி சுமார் 3.5 லட்சம் பேர். தமிழ்நாட்டுப் பழங்குடிகள்லயே பெரிய பிரிவு இவங்கதான்.

நம்ம கொங்குப் பக்கம் பர்கூர் மலை, கடம்பூர் மலையிலயும் இருக்காங்க. ஆனா அரசுப் பட்டியல்படி இங்கே இவங்க பழங்குடி இல்லை. அதே மலையில இருக்குற சோளகர், ஊராளிகள் எல்லாம் பழங்குடி!

காரணம் ரொம்ப சப்பையானது. பட்டியல்ல 'மலையாளி'க்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ஆறு மாவட்டம் இருக்கு: தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டை. பர்கூரும் கடம்பூரும் அப்போ கோவை மாவட்டம். அது விட்டுப்போச்சு. 1979ல் கோவையைப் பிரிச்சுப் பெரியார் மாவட்டம் வந்தது, அப்புறம் அது ஈரோடு ஆச்சு. நிலைமை மட்டும் மாறலை. மேட்டூர்ப் பக்கம் பாலமலையில இருந்தா பழங்குடி, அந்தியூர்ப் பக்கம் பர்கூர்ல இருந்தா இல்லை. பொண்ணு கொடுத்து எடுக்குறவங்க மாவட்ட எல்லைக்கல்லைப் பார்த்தா சம்பந்தம் பேசுவாங்க?

சான்றிதழ்னாலே நமக்கு காலேஜ் சீட்டுதான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டுல பழங்குடிகளுக்கு 1 சதவீதம்தான் இடஒதுக்கீடு, அதுக்கு இவ்வளவு போராட்டமான்னு தோணலாம். பெரிய விஷயம் காடு. 2006 வன உரிமைச் சட்டப்படி, பட்டியல் பழங்குடின்னா 2005 டிசம்பர் 13க்கு முன்னாடியிருந்து அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்டினாப் போதும். மத்தவங்க அந்தத் தேதிக்கு முன்னாடி மூணு தலைமுறை, அதாவது 75 வருஷம் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்கணும். பெரியவங்க வாக்குமூலமும் சான்றா ஏத்துக்கலாம்னு விதி சொல்லுதுதான். ஆனா ஆபீஸ்ல காகிதம் கேட்காம விட்ட கதை யாருக்காவது தெரியுமா :)

மேய்ச்சலும் அந்த உரிமைகள்ல ஒண்ணு. பர்கூர் செம்மாடுகள் காட்டுல பட்டி போட்டு வளர்றது. 2022ல் சென்னை உயர்நீதிமன்றம் சரணாலயங்கள்ல மேய்ச்சலுக்குத் தடை போட்டது. 2024ல் பர்கூர்க் காடுகள் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆச்சு. இனி மாட்டைக் காட்டுக்குள்ள விட, கிராம சபை கூடித் தீர்மானம் போட்டு உரிமை கேட்கிறதுதான் இருக்கிற வழி. ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டுல எங்கேயும் கிடையாது. அதனால பழங்குடி கிராமங்களுக்குத் தன்னாட்சி தர்ற 1996 பெசா சட்டமும் இங்கே வராது. மிச்சம் இருக்கிறது இந்த கிராம சபை ஒண்ணுதான்.

பட்டியலைத் திருத்தவே முடியாதான்னா, முடியும். நாடாளுமன்றம் சட்டம் போட்டு 2023 ஜனவரியில் நரிக்குறவர்கள் சேர்ந்தாங்க. பர்கூர், கடம்பூர் மக்களுக்குப் புதுப் பேர்கூட வேண்டியதில்லை. அந்த அடைப்புக்குறிக்குள்ள ஏழாவதா ஒரு மாவட்டம் வேணும், அவ்வளவுதான்.