நின்ற உலக்கை

தேசிய அறிவியல் நாளையொட்டி இயற்பியல் துறையினர் எங்களை நாடி வந்தனர். மக்களிடையே வழங்கும் நம்பிக்கைகளைத் தமிழ்த்துறை தொகுத்துத் தர வேண்டும்; சோதிக்கத்தக்கவற்றை அவர்கள் சோதித்துக் காட்டுவார்கள். நாட்டார் வழக்காறு எங்கள் பாடமாதலால் மகிழ்ந்து ஒப்புக்கொண்டோம்.

மாணவர்களோடு அமர்ந்த ஒரு மணி நேரத்தில் கரும்பலகை நிறைந்துவிட்டது. பூனை குறுக்கே போனால் காரியம் கெடும். காகம் கரைந்தால் விருந்து வரும். இரவில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும். கிரகணத்தின்போது உலக்கை தானே நிற்கும், விட்டதும் விழுந்துவிடும். தொகுப்பது எளிதாயிருந்தது, தேர்வதுதான் கடினம். பூனையை முதலில் நீக்கினோம். எந்தக் காரியம், எத்தனை நாளுக்குள் என்று வரையறுக்காத கூற்றை எங்ஙனம் சோதிப்பது? காகத்துக்கு ஒரு குறிப்பேடு போதும்: கரைந்த நாளும் கரையாத நாளும் விருந்தினர் வந்த நாளும் அதில் ஏற வேண்டும். புளியமரத்துக்குக் 'கரியமில வாயு' என்று ஒரு மாணவி விளக்கம் தந்தாள். இயற்பியல் நண்பர் சிரித்தார். மரம் இரவில் வெளிவிடும் வாயு திறந்த வெளியில் கலந்துவிடும், யார் மூச்சையும் அடைக்காது. இதுவும் அறிவியல் பெயரில் உலவும் இன்னொரு நம்பிக்கையே என்றார்.

எஞ்சியது உலக்கை. அதை நாங்கள் கண்ணாரக் கண்டிருந்தோம். 2019 டிசம்பர் 26, வளையச் சூரிய கிரகணத்தன்று, எங்கள் வீட்டில் தாம்பாளத்து நீரில் அம்மா நிறுத்திய உலக்கை அசையாமல் நின்றது. அது நின்றதால் மற்றவற்றையும் நம்பினோம். கருவுற்றிருந்த தம்பி மனைவியைச் சன்னல் சாத்திய அறையில் அமர்த்தி, காலை 8 மணி முதல் 11 மணி கடக்கும்வரை ஒரு வாய்த் தண்ணீரும் தரவில்லை. அவள் இருமுறை கேட்டாள்.

கிரகணமில்லாத ஒரு புதன்கிழமை, துறைத் தாழ்வாரத்தில் பூண் கட்டிய உலக்கையை நிறுத்த முயன்றோம். ஆறு முறை சாய்ந்தது. ஏழாம் முறை நின்றது. அடிப்பாகம் தட்டையாக இருந்து, எடைமையம் அந்த அடிப்பரப்புக்கு நேர்மேலே அமைந்தால் உலக்கை எந்நாளும் நிற்கும். கிரகண நாளில் நின்றது பொய்யன்று. மற்ற நாளில் எவரும் நிறுத்திப் பார்க்கவில்லை என்பதே உண்மை.

வெட்கம் அதன் பிறகே வந்தது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் சபக்கம், விபக்கம் என்று பிரித்துரைப்பதை ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஒன்றை நிறுவ, அது உள்ள இடத்தைக் காட்டினால் போதாது. இல்லாத இடத்தையும் பார்க்க வேண்டும். வகுப்பில் சொன்னதை வீட்டு முற்றத்தில் மறந்திருந்தோம்.

அம்மாவிடம் சொன்னோம். அவர் பதில் பேசாமல் உலக்கையை எடுத்து வந்து, தாமே நிறுத்திப் பார்த்தார். நின்றது. வெகுநேரம் அதையே பார்த்திருந்தவர், "அப்போ அன்னைக்கு அந்தப் பிள்ளைக்குத் தண்ணி குடுத்திருக்கலாமே" என்றார்.

உலக்கை நிற்பதற்கும் தண்ணீர் மறுத்ததற்கும் தருக்கத்தில் தொடர்பில்லை என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் சொல்லவில்லை.