அக்காவின் நாரியும் பதினெட்டு அங்குலச் சில்லுகளும்

மோட்டார் வாகனங்களைப் பற்றி எழுதுவது என் துறையன்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் நான். தேர்தலையும் வெள்ளத்தையும் இடப்பெயர்வையும் எழுதிய கை, ஒரு டயரின் பக்கச்சுவரை அளவுகோல் வைத்து அளக்க நேருமென்று எண்ணியதில்லை. ஆயினும் அண்மைய வாரங்களில் காரைதீவில் எங்கள் குடும்பத்தைப் பிடித்தாட்டிய விவாதம் நான்கு டயர்களைப் பற்றியதாகவே இருந்தது. இதில் நான் அறிந்துகொண்டவை வேறு சிலருக்கும் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

டயருக்குத் தமிழ்ச்சொல் தேடுவோர் பொறுத்தருள்க. கலைச்சொல்லாக்கத்தில் பெரும் பணி செய்த விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் இது. ஆனாலும் இங்கே சில்லு என்ற நல்ல தமிழ்ச்சொல் சக்கரத்துக்கு மட்டுமே. அதன்மேல் ஏறும் இறப்பர் எல்லோருக்கும் டயர்தான். எங்கள் பத்திரிகைகளில் அதை ‘ரயர்’ என்று அச்சிட்ட காலமும் உண்டு. அப்படி எழுதியவர்களும் வாயால் டயர் என்றே சொன்னார்கள்.

கார் என் அத்தானுடையது. 2006ஆம் ஆண்டு மெர்சிடிஸ் ஈ 200. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் கொழும்பில் பழையதாக வாங்கினார். அவருக்கு வாழ்நாளில் இருந்த ஒரே ஆடம்பரம் அது. முந்திய உரிமையாளர் யாரோ ஓர் இளைஞர் போலும். கம்பனி போட்டுக் கொடுத்த பதினாறு அங்குல றிம்களைக் கழற்றிவிட்டு, மெல்லிய ஆரங்கள் கொண்ட பதினெட்டு அங்குல அலோய் றிம்களைப் பூட்டியிருந்தார். பார்ப்பதற்கு அழகுதான், மறுக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாய் விழுந்தது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோது வரியோடு சேர்ந்த விலை எங்களைப் போன்றோர் ஏறெடுத்தும் பார்க்க முடியாததாயிற்று. ஆகவே இருப்பதைப் பேணுவது தவிர வேறு வழியில்லை. நாட்டில் பலரின் நிலை இதுவே.

பிரச்சினை அக்காவிடமிருந்து வந்தது. அவருக்கு நாரியில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. மாதம் ஒருமுறை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போய்வர வேண்டும். சாய்ந்தமருது, கல்முனை, கல்லாறு, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி என்று போகும் கடலோரப் பாதை, ஒருவழி நாற்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். பாதை முன்னைப்போல் இல்லை, நல்ல பாதை. ஆனால் பாலத்தின் தொடக்கத்தில் ஒரு வரம்பு, பாடசாலைக்கு முன் ஒரு மேடு, குழாய் புதைக்கத் தோண்டி மூடிய இடத்தில் ஒரு தாழ்வு எனச் சிறுசிறு குறைகள் உண்டு. அவை ஒவ்வொன்றும் அக்காவின் முள்ளந்தண்டில் போய் முடிந்தன. “பென்ஸ் காரெண்டு பேர்தான். மாட்டுவண்டில போனாலும் இவ்வளவு நோகாது” என்று ஒருநாள் அவர் சொன்னபோது அத்தானின் முகம் கறுத்துவிட்டது.

அதற்கடுத்த பயணத்தில் முன்பக்க இடது டயரின் பக்கச்சுவரில் கோழிமுட்டை அளவில் ஒரு வீக்கம் தோன்றியது. கூரான விளிம்பில் சில்லு மோதும்போது, டயர் றிம்முக்கும் பாதைக்கும் இடையே நசுங்கி உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். பிறகு காற்றைத் தாங்கி நிற்பது வெறும் இறப்பர்தான். இதற்கு ஒட்டுப்போட முடியாது. அந்த டயரில் ஒரு கிலோமீற்றர்கூட ஓடக்கூடாது என்பதில் இரண்டு கருத்தில்லை. மற்ற மூன்றும் 1.6 மில்லிமீற்றர் அடையாளக் கட்டைகள் வரை தேய்ந்திருந்தன. ஆக நான்கும் மாற்ற வேண்டும்.

இங்கேதான் எண்களைப் படிக்க வேண்டியதாயிற்று. அத்தானின் டயரில் 245/40 ஆர் 18 என்று இருந்தது. 245 என்பது அகலம், மில்லிமீற்றரில். 40 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தின் நூற்றுவீதமாக. அதாவது 98 மில்லிமீற்றர். 18 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். இப்படி ஒரே எழுத்துத் தொடரில் மில்லிமீற்றர், நூற்றுவீதம், அங்குலம் மூன்றையும் கலந்து வைத்தவர் யாராயிருந்தாலும் அவருக்குப் பத்திரிகை ஆசிரியர் எவரும் வேலை கொடுத்திருக்கமாட்டார். இதே காருக்குக் கம்பனி முதலில் கொடுத்த அளவு 225/55 ஆர் 16. அதன் பக்கச்சுவர் ஏறக்குறைய 124 மில்லிமீற்றர். இடையிலே 245/45 ஆர் 17 என்ற அளவும் உண்டு, அதில் 110.

இந்த மூன்று டயர்களின் முழு விட்டத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். பதினாறுக்கு 653.9, பதினேழுக்கு 652.3, பதினெட்டுக்கு 653.2 மில்லிமீற்றர். இரண்டு மில்லிமீற்றர்கூட வேறுபாடில்லை. வெளியே சில்லின் பருமன் மாறவில்லை. உள்ளே உலோகம் கூடக்கூடக் காற்றுக்கு இடம் குறைகிறது, அவ்வளவே. பெரிய றிம் என்று நாம் பெருமைப்படுவது உண்மையில் மெல்லிய டயர். அத்தானின் காரில் அக்காவுக்கும் பாதைக்கும் இடையே இருந்த காற்று மெத்தையில் ஓர் அங்குலத்தை அந்தக் கொழும்பு இளைஞர் அழகுக்காக விற்றிருந்தார்.

காற்றடைத்த டயர் பிறந்த கதையே இந்த மெத்தைக்காகத்தான். 1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் டன்லப், தம் மகனின் முச்சக்கர மிதிவண்டி கல்லுப்பாதையில் குலுங்காதிருக்க வேண்டுமென்று இறப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சில்லில் சுற்றினார். அவருக்கு முன்னரே 1840களில் றொபேட் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இதற்கு உரிமம் பெற்றிருந்தார். உலகம்தான் ஆயத்தமாக இருக்கவில்லை. அதற்கு வேண்டிய இறப்பரும் நம் நாட்டுக்கு அந்நியமில்லை. 1876இல் பிரேசில் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்தன. வேகம், அழகு, பந்தயம் எல்லாம் பின்னர் ஒட்டிக்கொண்டவை.

அத்தானின் பக்கத்தையும் சொல்லவேண்டும். மெல்லிய டயர் வளைவில் அசையாது. சுக்கானைத் திருப்பியதும் கார் திரும்பும். உலர்ந்த பாதையில் அகன்ற டயரின் பிடிமானம் நல்லது. இவை உண்மைகளே. ஆனால் டயரில் ‘வை’ என்ற எழுத்து மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தைத் தாங்கும் என்று உறுதியளிக்கிறது. எங்கள் நாட்டில் ஊர்மனைக்குள் சட்டப்படி 50, வெளியே 70. காத்தான்குடிச் சந்தையடியில் வேகத்தைத் தீர்மானிப்பது முச்சக்கரவண்டிகளும் ஆடுகளும்தான்.

வெளிநாட்டு உறவுகளும் தொலைபேசியில் சேர்ந்துகொண்டன. நம் குடும்பங்களில் எந்த முடிவும் மூன்று கண்டங்களின் அனுமதியின்றி எடுக்கப்படுவதில்லை. மொன்றியலில் இருக்கும் மருமகன் பனிக்கால டயரின் மென்மையைப் புகழ்ந்தார். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை அது சட்டப்படி கட்டாயம். வெப்பநிலை ஏழு பாகைக்குக் கீழே போனால் சாதாரண டயரின் இறப்பர் இறுகிவிடும் என்பது காரணம். இங்கே ஏழு பாகை குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டுமே கிடைக்கும். எங்கள் வெயிலில் அந்த மென்மையான இறப்பர் விரைவில் கரைந்துவிடும். இலண்டனில் உள்ளவர் சொன்னதே பயனுள்ளதாயிருந்தது: ஐரோப்பிய ஒன்றியத்தில் டயர்களில் ஒட்டப்படும் சீட்டில் ஈரப்பாதைப் பிடிமானத்துக்கு ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை தரம் இடப்படுகிறது, அதைப் பார் என்றார்.

ஈரம் என்பது எங்கள் கரையில் சிறிய விடயமன்று. வடகீழ்ப் பருவமழை கார்த்திகை, மார்கழியில் வந்தால் பாதை எது, வயல் எது என்று தெரியாது. காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போகும் பாதையில், மாவடிப்பள்ளியில், 2024 நவம்பர் 26ஆம் திகதி மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போனதை இந்த ஊர்கள் இன்னும் மறக்கவில்லை. பெரிய சில்லுள்ள உழவு இயந்திரத்தையே புரட்டிய நீர் அது. அத்தகைய ஓட்டத்துக்குள் எந்த டயரை நம்பியும் எவரும் இறங்கக்கூடாது. நான் பேசுவது சாதாரண மழையை. பாதையில் தேங்கிய நீரைப் பள்ளங்களினூடாக வெளியேற்ற முடியாதபோது டயர் நீரின்மேல் மிதக்கும். அப்போது சுக்கானும் பிறேக்கும் பெயரளவில்தான் இருக்கும். டயர் அகலமானால் தள்ளவேண்டிய நீரும் அதிகம். தேய்ந்தால் சொல்லவே வேண்டாம்.

கல்முனையில் டயர் வியாபாரம் செய்யும் ஒரு காக்காவை எனக்கு நெடுநாட் பழக்கம். எழுபது வயதைத் தாண்டியவர். லொறி டயர்களுக்குப் பட்டை ஒட்டிய காலத்திலிருந்து தொழில் செய்பவர். அத்தானையும் அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன். காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, வீக்கத்தைத் தடவிப் பார்த்து, அக்காவின் வருத்தத்தையும் விசாரித்தபின் சொன்னார்: “தம்பி, வடிவு வேணுமெண்டா இதே சைசைப் போடுங்க. அக்காட நாரிக்கெண்டா பதினாறுதான் சரி.” பதினெட்டில் நான்கு டயர் விற்றால் அவருக்குக் கிடைக்கும் இலாபம் கூட. அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அதற்கு முன் வேறிடத்தில் நாங்கள் கண்டது இன்னொரு வகை. 245/40 இல்லை, 245/45 ஆர் 18 இருக்கிறது, “ரெண்டும் ஒண்டுதான் சேர்” என்றார்கள். இரண்டும் ஒன்றல்ல. விட்டம் 24 மில்லிமீற்றர் கூடிவிடும். மானி 70 என்று காட்டும்போது கார் 72க்கு மேல் ஓடும். முழுதாகச் சுக்கானை ஒடித்தால் உள்ளே உரசவும் கூடும். அங்கே புத்தம் புதிதாகப் பளபளத்த ஒரு டயரின் பக்கத்தில் 3118 என்று இருந்தது. கடைசி நான்கு எண்களில் முதலிரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 2018ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். ஓடாத டயரும் வயதாகும். ஆறு ஆண்டுக்குப் பின் மாற்றச் சொல்லும் கார்க் கம்பனிகள் உண்டு. வாங்குமுன் குனிந்து இந்த எண்ணைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவே ஒரு செய்தி.

பாரச் சுட்டெண்ணும் பார்க்கவேண்டியது. பதினெட்டில் 93 என்றும் 97 என்றும் இருவகை கிடைத்தன: ஒரு சில்லுக்கு முறையே 650, 730 கிலோ. 97 வலுவூட்டப்பட்டது, அதன் முழுச் சுமையையும் ஏற்கக் காற்றழுத்தம் கூட வேண்டும். அதனால் இன்னும் விறைப்பு. நாங்கள் தெரிவு செய்த பதினாறில் 95, அதாவது 690 கிலோ. ஐவரும் பயணப்பொதிகளும் ஏறினாலும் போதும்.

ஆனால் பதினாறு அங்குல றிம்முக்கு எங்கே போவது? கொழும்பு பஞ்சிகாவத்தையைத் தவிர வேறெங்கே. அங்கே வேலை செய்யும் உறவுக்காரப் பையன் ஒருவன் தேடினான். ஐந்து துளை, 112 மில்லிமீற்றர் வட்டம், நடுத்துளை 66.6, இவை மூன்றும் பொருந்தினால் மட்டும் போதாது, றிம் உள்ளே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் ஒத்திருக்க வேண்டும். முதலில் கிடைத்தவற்றில் ஒன்றில் ஒட்டுவேலை தெரிந்தது; வேண்டாமென்றோம். இரண்டாவது தடவை நான்கும் நேராக இருந்தன. இரவு பஸ்ஸில் சாக்குப் பையில் வந்து சேர்ந்தன. காக்கா விளிம்புகளிலிருந்த துருப்போன்ற வெள்ளைப் படிவைச் சுரண்டித் துப்புரவாக்கினார். கடற்காற்று அலோயையும் விடாது. அந்தப் படிவு இருந்தால் டயர் ஒட்டி உட்காராமல் காற்று மெல்லக் கசியும். றிம், டயர் இரண்டின் விலையும் சேர்ந்தே பதினெட்டு அங்குல டயர்கள் நான்கின் விலைக்குச் சற்றுக் குறைவாக வந்தது. காற்றழுத்தத்துக்குப் பெற்றோல் மூடியின் உட்புறத்தில் கம்பனி ஒட்டிய அட்டவணை இருக்கிறது. இத்தனை வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது.

அத்தான் இவ்வளவுக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. சில்லு பூட்டி முடிந்ததும் சற்றுத் தள்ளிநின்று பார்த்தார். கார் ஓய்வூதியக்காரர் போலத் தெரிவதாகச் சொன்னார். “நாங்களும் அப்பிடித்தானே” என்றார் காக்கா.

மறுவாரம் மட்டக்களப்புக்குப் போனோம். நான் முன்னாசனத்தில். கல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது வழக்கமாகப் பின்னாலிருந்து வரும் ‘அம்மா’ என்ற சத்தத்துக்காக நானும் அத்தானும் காத்திருந்தோம். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணாடியில் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார். அத்தான் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

பழைய பதினெட்டு அங்குல றிம்கள் விற்கப்படவில்லை. அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் வந்து கேட்டும் அத்தான் கொடுக்கவில்லை. பின்வளவுக் கொட்டிலில் சாக்கு மூடி வைத்திருக்கிறார்.