கிளுவை

வேலி என்றதும் நம் கவிஞர்களுக்குச் சிறை ஞாபகம் வந்துவிடுகிறது. ஆடு வளர்ப்பவனுக்கு வேலி என்பது உயரம், சந்து, செலவு, பக்கத்துக் காட்டுக்காரனின் முகம். நான் எழுத விரும்புவது இந்த வேலியைப் பற்றி.

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கொரங்காடு. கொழுக்கட்டைப் புல், நாலைந்து வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. எட்டு வெள்ளாடுகள். கிழக்கே பெரியப்பா மகனுடைய மானாவாரிச் சோளக்காடு. கிளுவையின் நிழலும் வேரும் தன் பயிரில் நாலு சாலைத் தின்றுவிடுகின்றன என்பது அவர் கட்சி. வேலியை வெட்டிவிட்டுக் கல்தூண் நட்டு முள்கம்பி இழுக்கலாம், செலவில் பாதி தருகிறேன் என்கிறார். 'இல்லாட்டி ஆட்டைக் கட்டிப் போடு தம்பி, வேலியே வேண்டாம்' என்று சிரிக்கவும் செய்கிறார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் 1874இல் அமெரிக்க விவசாயி ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்கம்பி, மாட்டை மறிக்கப் பரவிய பொருள். மாடு நெஞ்சால் தள்ளிப் பார்க்கும், குத்தினால் விலகும். வெள்ளாடு தலையை நுழைத்துப் பார்க்கும். தலை போனால் உடம்பும் போகும், மடி கிழியும். வலைக்கம்பி தேவலாம். ஆனால் நாலடி உயரம் வேண்டும். கண் பெரிதாக இருந்தால் நுழைத்த தலையைக் கொம்பு திரும்ப விடாது. முன்னங்கால்களைத் தூக்கி வைத்து நின்றே ஆடு அதைத் தொய்யவைத்துவிடும். மூலைத்தூணுக்கு உள்பக்கமாக முட்டுக் கொடுத்தால் அதுவே படிக்கட்டு.

ஆட்டின் வாயை அறிந்தவர்கள் செடிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: ஆடாதோடை, ஆடுதின்னாப்பாளை. ஆட்டின் பின்னால் நடந்தே அறிந்த அறிவு இது. கிளுவை இந்த வகையில் சேராது. அதன் தழையை ஆடு தின்னும். தின்னக் கொடுத்துக்கொண்டே முள்ளால் மறிக்கிற வேலி அது. போத்து நட்டு அது நெருங்கி அடைய மூன்று நான்கு வருஷமாவது ஆகும். வெட்ட ஒரு நாள் போதும்.

அண்ணன் கணக்கில் சேர்க்காத விஷயம் ஒன்று உண்டு. மழை இல்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் விஷம் ஏறும். ஆடு புகுந்தால் அவருக்கு நஷ்டம் நாலு தட்டு, எனக்கு ஆடு. போன வருஷம் சினையாடு ஒன்று அப்படிப் போயிற்று. வரப்புக்குத் திரும்புவதற்குள் விழுந்துவிட்டது. அவரேதான் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. 1871ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம் யானையையும் ஆட்டுக்குட்டியையும் ஒரே பட்டியலில் வைத்துத் தொண்டுப்பட்டிக்கு அனுப்புகிறது. பயிர் ஆட்டைக் கொன்றால் யாரை அடைப்பது என்று அதில் இல்லை.

கிளுவை நிற்கட்டும், அடியில் சந்து விழுந்த இடங்களில் மட்டும் வலைக்கம்பி கட்டுகிறேன், உங்கள் பக்கம் நீளும் கிளைகளை வருஷம் ஒருமுறை நானே கழித்து, அந்தப் போத்துகளையே சந்துகளில் ஊன்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாலு சாலில் இரண்டாவது அவருக்குத் திரும்பக் கிடைக்கும். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. சோளம் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. மழையைக் காணோம்.